ரோட்டுக்கா, ரேஸுக்கா?

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். ஆடிப்பூரம் என்பதால் எங்கள் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. அம்மாவின் கிட்னிக்கு விடுமுறை கிடையாது.

காலையிலேயே அவளை டயாலிசிஸில் விட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். முடிந்ததும் காரின் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, ராஜபாளையம் திரும்பலாம் என்று தெருவுக்கு வந்தால் எள் போட்டால் எள் விழாது. தேர் இன்னும் நிலைக்கு வந்து சேரவில்லையாம். வண்டிகளையெல்லாம் மடவார் வளாகம் பக்கமாகத் திருப்பி விட்டிருந்தார்கள்.

முன்னால் ஒரு மினி பஸ். அது ஒரு முழம் நகர்ந்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் கத்தியதே தவிர வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். சட்டென்று ஒரு தூக்குத் தூக்கிப் பாய்ந்தது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன். அம்மாவின் நெற்றி என் சீட்டின் பின்னால் மோதுகிற சத்தம் கேட்டது.

இப்படியே முழம் முழமாக ஒரு தெரு முழுக்கப் போனோம். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வந்த உடம்பு அது, வெறும் கூடு. மடியில் விரித்திருந்த துண்டில் அம்மா வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"ஏட்டி எஸ்தர், இத சாமுகிட்டச் சொல்லிராத."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் கடித்திருப்பேன்.

இருக்கிற கால் போதும்

இந்தப் பத்திரிகையில் போன வாரம் என் காரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "கணக்கு டீச்சருக்கு ஆறு சிலிண்டர் கார் எதற்கு அம்மா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். என் சம்பளத்துக்கும் அந்த வண்டி குடிக்கும் பெட்ரோலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

எனக்குச் சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் வளராமல் நின்றுவிட்டது. காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடை. ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் பஸ் படியில் நான் ஏறி முடிப்பதற்குள் பின்னால் விசில் ஊதிவிடுவார்கள். "டீச்சர், செத்த வெரசா ஏறுங்க" என்று கண்டக்டர் மரியாதையாகத்தான் சொல்வார். அந்த மரியாதையே எனக்குப் பிடிக்காது.

சாமு என் தம்பி. சாமுவேல். அப்பா இறந்தபோது சென்னையில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, அம்மாவையும் என்னையும் பார்த்துக்கொண்டு இங்கேயே வொர்க்‌ஷாப் போட்டவன். பெண் அமையவில்லை என்று ஊர் சொல்லும். அவன் தேடவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் ஒரு மில் முதலாளி வீட்டில் ஓடி அலுத்த பழைய ஆட்டோமேட்டிக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். "இந்தாக்கா. கிளட்ச் கெடையாது. ரெண்டே பெடலுதான். ஒனக்கு இருக்கிற காலு போதும்" என்றான்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். அவன் சொன்னதால் சிரித்தேன், பிறகு உள்ளே போய் அழுதேன். நாற்பது வயதுக்கு மேல், மில் சாலையில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். யார் தயவும் இல்லாமல் நானே ஒரு இடத்துக்குப் போய் இறங்குவது என்பது என்ன என்று கால் நன்றாக இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆனால் அந்த வண்டியில் எனக்கு இரண்டு பெடல் கிடைத்தது போல, சாமுவுக்கு ஒரு எஞ்சின் கிடைத்தது.

கால் மைல்

டிராக் ரேஸ் என்றால் வளைவு நெளிவு எதுவும் கிடையாது. நேரான கால் மைல் ரோடு. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் பாய வேண்டும். நீங்கள் தும்மி மூக்கைத் துடைப்பதற்குள் முடிந்துவிடும். கோயம்புத்தூர்ப் பக்கம் விமானம் எதுவும் இறங்காத ஒரு பழைய ஓடுதளத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை நடத்துவார்கள்.

நடப்பது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் காய்ச்சலே வந்தாலும் ஞாயிறு ஆராதனைக்குப் போயாக வேண்டும். சாமு முதல் தடவை தயங்கித் தயங்கிக் கேட்டபோது வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். அம்மா, "சனிக்கிழமையே ஜெபம் பண்ணிருவோம். போய்ட்டு வா" என்றாள்.

பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள். "வயசுக் காலத்துல அவன் எல்லாத்தையும் நமக்குன்னு விட்டுட்டு வந்தான்டீ. அவனுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். அதையும் பிடுங்கணுமா?"

அம்மா இப்போது இல்லை. அந்தக் குரல் மட்டும் சாயங்கால நேரங்களில் அடுப்படிப் பக்கமிருந்து கேட்கிறது.

எதிரெதிரே இரண்டு காற்றாடிகள்

டார்க் கன்வெர்ட்டர் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எங்கள் சாப்பாட்டு மேஜையில். சாமு இரண்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து எதிரெதிரே வைத்தான். ஒன்றுக்கு மட்டும் சுவிட்ச் போட்டான். அந்தக் காற்றில் மற்றது தானாகச் சுற்ற ஆரம்பித்தது. "இதான் அக்கா. ஓடுற ஃபேன் எஞ்சின். சும்மா சுத்துறது கியர்பாக்ஸ். நடுவுல காத்துக்குப் பதிலா ஆயில்."

கிளட்ச் இல்லாத வண்டியில் எஞ்சினின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இந்த ஆயில் நிரம்பிய இரும்புச் சட்டிதான். அதை இறுக்கமாகவும் செய்யலாம், தளர்வாகவும் செய்யலாம். இறுக்கமானது, பிரேக்கை விட்டதும் வண்டியை மெதுவாக ஊர்ந்து போகவைக்கும். தளர்வானது, எஞ்சின் நன்றாகச் சுற்றி உச்சத்துக்கு வரும்வரை பிடியே கொடுக்காது. வந்தபின் கொத்தாகப் பிடித்துத் தூக்கி எறியும். ரேஸில் பச்சை விளக்குக்கு அதுதான் வேண்டும். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அது சாபக்கேடு. சதா நழுவி நழுவி ஆயிலையும் கொதிக்கவைத்துவிடும்.

கோயம்புத்தூரில் ஒருவர் இந்தச் சட்டியை அறுத்து, நம் வண்டிக்கு ஏற்ற மாதிரி மாற்றி, மறுபடி ஒட்டிக் கொடுப்பார். சாமு அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"டயர் உசரம் எவ்வளவுங்க? வண்டி எடை எவ்வளவுங்க? ரோட்டுக்கா, ரேஸுக்காங்க?"

"ரெண்டுக்கும்தாண்ணே."

"அப்படித்தானுங்க எல்லாரும் சொல்றாங்க. எது சாஸ்தி?"

சாமு என்னைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். "பாதிக்குப் பாதின்னு வச்சுக்கங்க" என்றான்.

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏலே, ரேஸு வருசத்துக்கு ரெண்டு நாளு. அம்மா ஆஸ்பத்திரி வாரத்துக்கு ரெண்டு நாளு. நான் பள்ளிக்கூடம் போறது தெனமும். இது எந்த ஊருல பாதிக்குப் பாதி?"

"அக்கா, ஒங்கணக்கு வேற, வண்டி வேற."

"கணக்கு எல்லா எடத்துலயும் ஒண்ணுதாம்லே!"

"அவன் இஷ்டத்துக்கு விடுட்டி" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

காலி எடை

எடை வேண்டுமே. ராஜபாளையத்தில் பருத்தி வண்டிகள் போகிற எடைமேடை ஒன்று உண்டு. அங்கே ஒரு முறை இருக்கிறது. லாரி முதலில் காலியாக ஏறும், அது காலி எடை. பிறகு சரக்கு ஏற்றிக்கொண்டு வந்து இன்னொரு தடவை ஏறும், அது பார எடை. இரண்டையும் பார்க்காமல் சீட்டு முழுமையாகாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது.

சாமு என்ன செய்தான் தெரியுமா? ரேஸுக்குப் போகிற கோலத்தில் வண்டியை நிறுத்தவேண்டும் என்று பின்சீட்டைக் கழற்றி இறக்கினான். ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இறங்கின. டிக்கியில் கிடந்த அம்மாவின் வாக்கரையும் எடுத்து என் கையில் கொடுத்தான். நான் அந்த வாக்கரை ஊன்றிக்கொண்டு எடைமேடை ஓரத்தில் நின்றேன்.

எடைமேடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர். எங்களை நன்றாகத் தெரியும். "காலி எடை ஆச்சு. பாரம் ஏத்திட்டு எப்ப வாரீய?" என்று கேட்டார்.

"பாரமெல்லாம் இல்லண்ணாச்சி. இதான் அம்புட்டும்."

அவர் என்னையும் வாக்கரையும் ஒரு பார்வை பார்த்தார். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

அந்த எடைக்குத்தான் கன்வெர்ட்டர் வந்தது, நன்றாகத் தளர்வாக. ஆயிலைக் குளிரவைக்கப் பெரிய கூலர் ஒன்றைத் தனியாகப் போடச் சொன்னார் கோயம்புத்தூர்க்காரர். சாமு சின்னதாகப் போட்டான். "ஓடப் போறது கண்ண மூடித் தொறக்குற நேரம். அதுக்கு எதுக்கு அம்மாம்பெரிய கூலரு?" என்றான்.

அந்த வருடம் அவன் ஜெயித்தான். கையில் கோப்பையோடு வந்தவனை அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். கோப்பை, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது.

அதன்பிறகு நான் பள்ளிக்குப் போன ஒவ்வொரு நாளும், அம்மாவை ஏற்றிப்போன ஒவ்வொரு நாளும், வண்டி முரட்டுக் காளைதான். வேகத்தடையைக் கண்டாலே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். சாமு ஏறி உட்கார்ந்து ஓட்டினால் ஒன்றும் தெரியாது. அவன் ஓட்டுகிற வேகத்தில் அது அழகாகப் போகும். "எப்படிம்மா இருக்கு?" என்று ஆசையாகக் கேட்பான். "பூப்போலப் போகுதுலே" என்பாள் அம்மா. நான் வாயைத் திறக்கப் போனால் என் தொடையைக் கிள்ளுவாள்.

மோர்

மறுபடியும் தேரன்றைக்கு வருகிறேன்.

மடவார் வளாகம் கோயிலைத் தாண்டியதும் எரிந்த ஆயில் வாடை வந்தது. சாமு டாஷ்போர்டில் கூடுதலாக மாட்டியிருந்த மீட்டரில் முள் சிவப்புக்குள் போயிருந்தது. மிதித்தேன். எஞ்சின் மட்டும் ஊளையிட்டது. அவ்வளவுதான், வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். நான்கைந்து பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

பக்கத்தில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒருவர் ஓடிவந்து, "அம்மா மொகமெல்லாம் வேர்த்திருக்கு, குடிங்கம்மா, குடிங்க" என்று ஒரு பெரிய டம்ளர் நிறைய மோரை நீட்டினார். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். அம்மா அந்த டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, கன்னத்தில் கொஞ்ச நேரம் ஒட்டவைத்துக்கொண்டு, "நல்லாயிருப்பீய" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்தேன்.

சாமு பைக்கில் குறுக்குத் தெருக்கள் வழியாக வந்துசேர்ந்தான். மெக்கானிக் அல்லவா, முதலில் பானெட்டைத்தான் திறந்தான். ஆயில் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்து பார்த்து முகம் சுளித்தான். பிறகு பின்கதவைத் திறந்தான். துண்டையும் அம்மா நெற்றியில் புடைத்திருந்ததையும் பார்த்தான்.

"எம்மா, என்ன இது?"

"வெயிலுதாம்லே. தேரு நாளுன்னா இப்படித்தான்."

அவன் என்னைப் பார்த்தான்.

"வெயிலு இல்ல" என்றேன். "நீ அந்தச் சட்டிய மாட்டுன நாள்லயிருந்து இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் வாந்தி."

"ஏட்டி, வாய மூடு!" என்றாள் அம்மா.

"மூட மாட்டேன். பூப்போலப் போகுதுன்னு நீ சொல்லுவ, இவன் நம்புவான். நடுவுல நான் ஒருத்தி ஓட்டிச் சாகணுமா?"

சாமு ரோட்டோரத்துக் கல்லில் போய் உட்கார்ந்தான். ஒரு ஆட்டோவை நிறுத்தி நான் அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்த்தபோது என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பாவமாக இருந்தது.

பார எடை

அடுத்த சனிக்கிழமை எங்கள் கார் மறுபடியும் எடைமேடையில் ஏறியது. இந்தத் தடவை பின்சீட்டு இருந்தது, ஸ்டெப்னி இருந்தது, டிக்கியில் வாக்கர் இருந்தது. ஓட்டுகிற இடத்தில் நான், பின்னால் அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு கோயிலுக்கு வருகிற எதிர்வீட்டு அக்காள் தங்கை இருவரையும் சாமு கெஞ்சிக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தான்.

"ஆளெல்லாம் எறங்கணும்ப்பா, அப்பத்தான் எடை" என்றார் எடைமேடைக்காரர்.

"இல்லண்ணாச்சி. ஆளத்தான் நிறுக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். அம்மா பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமு ஜன்னல் வழியாகக் குனிந்து, "மூச்ச விடும்மா. அதையும் சேத்துத்தான் நிறுக்கணும்" என்றான். எதிர்வீட்டு அக்காள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தோம்.

அங்கிருந்தே கோயம்புத்தூருக்குப் போன் போட்டான். புது எடையைச் சொன்னான். "ரோட்டுக்குண்ணே. நல்லா இறுக்கமா, பிரேக்க விட்டா ஊர்ந்து போகணும். கூலர் பெருசாவே போட்டுடறேன்."

"அப்ப ரேஸுங்க?"

"ரேஸு... அது சும்மாண்ணே."

அம்மா அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதிய கன்வெர்ட்டர் மாட்டிய முதல் நாள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும்போது அம்மா வழியெல்லாம் தூங்கினாள். வாசலில் நிறுத்தியும் நான் எழுப்பவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ரேஸ் வந்தது. சாமு போகவில்லை என்றான். "நீ போகலன்னா நான் ஆஸ்பத்திரிக்கு வரல. இருக்கிற மட்டும் இருந்துட்டுப் போறேன்" என்று அம்மா கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொன்னால் செய்கிற மனுஷி. அவன் பயந்துபோய்க் கிளம்பினான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எனக்குப் போன். "முதல் ஓட்டத்துலயே வெளியேத்திட்டாங்கக்கா. பச்ச விழுந்ததும் பக்கத்துல இருந்தவன் போய்ட்டான். நான் அம்மாவப் பின்னால வச்சுக்கிட்டுப் போற மாதிரி பைய கெளம்புறேன்." சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அம்மா இன்னும் கோயிலுக்குள் பேசிக்கொண்டு நின்றதால் அவளுக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை விடிந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. சாமு நேரே வந்து கட்டில் பக்கம் தரையில் உட்கார்ந்தான்.

"என்னலே ஆச்சு?" என்றாள் அம்மா.

"ஜெயிச்சுட்டேம்மா."

சீப்பு என் கையிலேயே நின்றது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. எப்படி விளக்கு விழுந்தது, எப்படிப் பாய்ந்தது, பக்கத்து வண்டிக்காரன் எப்படி முழித்தான் என்று ஒன்று விடாமல் சொன்னான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கப்பு எங்கலே?"

"பேரு வெட்டித் தாரேன்னு சொல்லியிருக்காவ. பொறவு அனுப்புவாவ."

"சரி. ஜெபம் பண்ணிட்டுக் கெளம்புவோம்" என்றாள் அம்மா.

நாங்கள் தலையைக் குனிந்தோம். அம்மாவின் கை சாமுவின் தலைமேல் இருந்தது.

"பிதாவே, ஒமக்கு ஸ்தோத்திரம். எம் பிள்ளையப் பத்திரமாக் கூட்டிட்டுப் போய், பத்திரமாக் கொண்டாந்து விட்டீரு, ஸ்தோத்திரம். இவன் எனக்காக எம்புட்டு விட்டுக்குடுத்தான்னு ஒமக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தோத்துட்டு வந்து, ஜெயிச்சேன்னு சொல்லுதான் ஆண்டவரே. எனக்காகத்தான் சொல்லுதான். அந்தப் பொய்ய இவன் மேல வச்சுராதேயும். என் மேல வச்சுக்கிடும். ஆமென்."

எங்கள் வீட்டில் ஜெபம் முடிந்தால் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்லவேண்டும். அம்மா காத்திருந்தாள். சாமுவுக்குக் குரல் வரவில்லை. அவனுக்கும் சேர்த்து நானே சொன்னேன்.